‘மசோகிசம்’: துன்பத்தை ஏற்பவர் எல்லாருக்கும் இச்சொல் பொருந்துமா?

ஏட்டுச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். ஓர் இதழின் உடல்நலப் பகுதிக்கு வந்த கட்டுரையைச் செப்பனிடும் பணியில் இருக்கிறேன். அதில் ‘மசோகிஸ்ட்’ என்னும் சொல் நான்கு வகையினரைக் குறிக்கிறது: கால் நகம் பெயர்ந்த பின்னும் அடுத்த மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் ஓட்டக்காரர், கண்ணீர் வழிய வழியக் காரம் உண்பவர், அழவைக்கும் படங்களையே தேடிப் பார்ப்பவர், கணவனிடம் அடிபட்டும் அந்த வீட்டை விட்டு வெளியேறாத பெண். நால்வரையும் ஒரே கூண்டில் அடைத்துவிட்டு, இவர்கள் அனைவரும் துன்பத்தில் இன்பம் காண்பவர்கள் என்று கட்டுரையாளர் விளக்கமும் தருகிறார்.

நான்காவது எடுத்துக்காட்டை நீக்கிவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீக்குவதற்கான காரணத்தைக் கட்டுரையாளருக்கு எழுத முற்பட்டபோது, இச்சொல்லின் எல்லை எது என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது, துன்பத்துக்கு அப்பால் உள்ள ஒன்றை நாடித் துன்பத்தை ஏற்பது, துன்பத்தையே நாடுவது ஆகிய மூன்றும் வேறு வேறானவை அல்லவா? இச்சொல்லின் பிறப்பும் வழக்கும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

வரலாற்றுமாணவன்

தாங்கள் பிரித்துக் காட்டிய மூன்றில் மூன்றாவதற்குத்தான் இச்சொல் உருவாக்கப்பட்டது. அதிலும் துன்பம் என்பதைவிட அடிபணிதல் என்பதே அதன் முதற்பொருளாக இருந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல இசைவு தாருங்கள்.

லியோபோல்ட் ஃபொன் சாக்கர்-மாசோக் 1836 இல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாப் பகுதியில் இருந்த லெம்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அது உக்ரைனின் லிவீவ். தந்தை காவல்துறையில் உயர் அலுவலர். மகன் வரலாறு பயின்று கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, பின்னர் முழுநேர எழுத்தாளரானார். கலீசியாவின் உழவர்களையும் யூதர்களையும் பற்றிய கதைகளால் அவர் தம் காலத்தில் மதிக்கப்பட்டார் என்பதை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை. 1870 இல் வெளிவந்த ‘மென்மயிர் ஆடையில் வீனஸ்’ என்னும் குறுநாவல் ஒன்றே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதன் நாயகன் செவெரின், வாண்டா என்னும் பெண்ணுக்கு அடிமையாக இருக்கத் தானே விரும்பி ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறான்.

கதை வெறுங்கற்பனை அன்று. 1869 டிசம்பரில் ஃபானி பிஸ்டோர் என்னும் பெண்ணோடு சாக்கர்-மாசோக் மெய்யாகவே ஆறு மாத ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார். அக்காலம் முழுவதும் அவர் அப்பெண்ணின் அடிமை. அப்பெண் இயன்றபோதெல்லாம், குறிப்பாகக் கொடுமை செய்யும் வேளைகளில், மென்மயிர் ஆடை அணிந்திருக்க வேண்டும். இதுவரை படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதே ஒப்பந்தத்தில், எழுதுவதற்கு அவருக்கு நாள்தோறும் ஆறு மணிநேரம் விடவேண்டும், அவருடைய கடிதங்களையும் எழுத்துகளையும் அப்பெண் பார்க்கக் கூடாது, மனிதன் என்ற முறையிலும் குடிமகன் என்ற முறையிலும் அவருக்கு மானக்கேடு தரும் எதையும் கேட்கக் கூடாது என்ற விதிகளும் இருந்தன. அடிமையே எசமானிக்கு விதி வகுத்திருக்கிறான்! இச்சொல்லின் பொருளைத் தேடுபவர்கள் அகராதிக்கு முன்னால் இந்த ஒப்பந்தத்தைத்தான் படிக்க வேண்டும் என்பேன். காலவரையறை, இசைவு, எல்லை ஆகிய மூன்றும் தொடக்கத்திலிருந்தே அதில் உள்ளன.

கிராட்ஸிலும் பின்னர் வியன்னாவிலும் பணியாற்றிய மனநோய் மருத்துவர் ரிச்சர்ட் ஃபொன் கிராஃப்ட்-எபிங், பாலியல் பிறழ்வுகளைப் பற்றிய தம் பெருநூலை 1886 இல் வெளியிட்டார். ‘மசோகிஸ்முஸ்’ என்னும் பெயரை அவர் 1890 இல் அறிமுகப்படுத்தினார். மாசோக் அப்போது உயிரோடு இருந்தார். 1895 இல்தான் இறந்தார். வாழும் எழுத்தாளர் ஒருவரின் குடும்பப் பெயரை நோய்க்குச் சூட்டலாமா என்று கண்டனம் எழுந்தது. நிறக்குருட்டை ஆராய்ந்த டால்டனின் பெயரால் அக்குறை ‘டால்டனிசம்’ எனப்படுவதைக் காட்டி மருத்துவர் தம் செயலுக்கு நியாயம் கற்பித்தார். டால்டன் தம் குறையைத் தாமே ஆராய்ந்து அறிக்கையிட்டவர் என்பதும், மாசோக் எழுதியது புனைகதை என்பதும் அவர் கண்ணுக்குப் படவில்லை போலும்.

அவர் தந்த வரையறையில் வலிக்கு இரண்டாம் இடமே. மற்றொருவரின் விருப்பத்துக்கு முற்றிலும் அடங்கியவனாக, எசமானரால் நடத்தப்படுபவனாக, இழிவுபடுத்தப்படுபவனாகத் தன்னை எண்ணிக் கிளர்ச்சி அடைவதே மசோகிசம் என்றார் அவர். வலியை நடுவில் நிறுத்த விரும்பிய ஷ்ரெங்க்-நோட்சிங் என்னும் மருத்துவர் 1892 இல் கிரேக்க வேர்களிலிருந்து ‘ஆல்கோலாக்னியா’ என வேறொரு பெயரை உருவாக்கினார். அது மருத்துவ நூல்களோடு நின்றுவிட்டது. இதற்கு இணையாகப் பேசப்படும் ‘சாடிசம்’ 1814 இல் இறந்த பிரெஞ்சு எழுத்தாளர் மார்க்கி தெ சாதின் பெயரிலிருந்து வந்தது. கிராஃப்ட்-எபிங்குக்கு முன்பே, 1834 இல், பிரெஞ்சு அகராதியில் அது இடம்பெற்றுவிட்டது.

புறவழிச்சாலை

வரலாற்றுமாணவன் ஐயாவின் பதிவு சுவையானது. ஆனால் ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு அது இன்று எங்கே வாழலாம் என்று தீர்ப்பெழுத முடியாது. திருவள்ளுவர் சூது அதிகாரத்தில் “கவறும் கழகமும் கையும்” என்று பாடும்போது கழகம் என்பது சூதாடும் இடம். இன்று அச்சொல்லில் பல்கலைக்கழகமும் இருக்கிறது, அரசியல் கட்சிகளும் இருக்கின்றன. (கட்சிகளைப் பொறுத்தவரை பொருள் மாறவில்லை என்று யாரேனும் சொன்னால் அதற்கு நான் பொறுப்பல்லன்.)

தமிழர் வாயில் ‘சாடிஸ்ட்’ எவ்வளவு எளிதாகப் புழங்குகிறது என்று பாருங்கள். மாணவர்களை வெயிலில் நிறுத்தும் ஆசிரியரும், விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கும் மேலாளரும், மருமகளைக் குத்திப் பேசும் மாமியாரும் சாடிஸ்ட்தான். அதைச் சொல்பவர் எவரும் மார்க்கியை நினைப்பதில்லை, பாலுணர்வையும் நினைப்பதில்லை. பிறரை வதைத்து மகிழ்பவர் என்ற பொதுப்பொருள் நிலைபெற்றுவிட்டது. ‘மசோகிஸ்ட்’ அந்த அளவுக்குத் தெருவுக்கு வரவில்லை என்றாலும், ஆங்கிலம் படித்த நகர்ப்புறத்தார் நடுவில் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. மாரத்தான் ஓடும் நண்பனை வேடிக்கையாக அப்படி அழைத்தால் யாருக்கு என்ன இழப்பு?

மனநலப்பணி

வேடிக்கையாக அழைப்பதில் இழப்பில்லை என்று புறவழிச்சாலை கருதுவது ஓட்டக்காரரைப் பொறுத்தவரை சரி. ஆனால் ஏட்டுச்சுவடி குறிப்பிடும் நான்காவது எடுத்துக்காட்டும் அதே பொதுப்பொருளின் தோளேறித்தான் வந்திருக்கிறது. அவ்வாறு வந்தது இதுவே முதன்முறையும் அன்று. மனநல மருத்துவத்தின் உள்ளேயே அது நிகழ்ந்திருக்கிறது.

பொருள் விரிவுக்கு முதன்மையான காரணம் உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டு. 1905 இல் அவர் சாடிசத்தையும் மசோகிசத்தையும் ஒரே உந்துதலின் இரு முகங்களாகக் கண்டார். 1924 இல் எழுதிய கட்டுரையில் மசோகிசத்தை மூன்றாகப் பகுத்தார்: வலியில் பாலின்பம் காண்பது ஒன்று; ‘பெண்மை சார்ந்தது’ என்று அவர் பெயரிட்டது மற்றொன்று; மூன்றாவது ‘ஒழுக்க மசோகிசம்’. இம்மூன்றாவதில் பாலுணர்வு வெளிப்படத் தெரியாது. உள்ளத்தின் அடியில் உறையும் குற்ற உணர்வினால் ஒருவர் தண்டனையை நாடி, வெற்றி கைகூடும் வேளையில் தாமே அதைக் கெடுத்துக்கொள்வார் என்பது அவர் கருத்து. இன்று நாம் அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் தளர்வாகப் பயன்படுத்தும் பொதுப்பொருளின் விதை இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது வகைக்கு அவர் அக்கட்டுரையில் ஆண்களின் கற்பனைகளையே சான்றாகக் காட்டினார் என்பது பலரும் கவனிக்காத செய்தி.

அப்பெயர் பெண்கள் மீது விழுந்தது. உளப்பகுப்பாய்வாளர் ஹெலன் டாய்ச் 1944 இல் வெளியிட்ட நூலில் மசோகிசத்தைப் பெண்ணின் உளவியல் இயல்புகளுள் ஒன்றாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1935 இல், அதே துறையைச் சேர்ந்த கேரன் ஹார்னி இதை மறுத்திருந்தார்: பெண்ணின் உடலமைப்பில் காரணம் தேடுவதை விடுத்து, அவளைப் பொருளாதாரத்திலும் குடும்பத்திலும் பிறரை அண்டி வாழச் செய்யும் சமூகத்தில் தேடுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயினும் 1980களில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டைத் திருத்தியபோது, ‘மசோகிச ஆளுமைக் கோளாறு’ என்ற ஒன்றைச் சேர்க்க முன்மொழிவு வந்தது. கணவனால் வதைக்கப்படும் பெண்ணுக்கு இப்பெயரைச் சூட்டினால், வதைத்தவன் தப்பி வதைபட்டவள் நோயாளி ஆகிவிடுவாள் என்று பெண்ணியவாதிகளும் உளவியலாளர் பலரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1987 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது ‘தன்னைத் தானே தோற்கடிக்கும் ஆளுமை’ என்ற மாற்றுப் பெயரோடு, மேலும் ஆராய வேண்டியவை என்னும் பின்னிணைப்பில் வைக்கப்பட்டது. 1994 ஆம் ஆண்டுப் பதிப்பில் பின்னிணைப்பிலிருந்தும் அகற்றப்பட்டது.

ஏட்டுச்சுவடி தம் கட்டுரையாளருக்குக் கொடுக்க வேண்டிய காரணம் இதுவே. அடிபட்டும் வெளியேறாத பெண்ணுக்குப் போக்கிடம் இல்லாமல் இருக்கலாம். பிள்ளைகளைப் பிரிய அஞ்சலாம். வெளியேறினால் கொன்றுவிடுவான் என்ற அச்சம் இருக்கலாம், அந்த அச்சம் பல நேரங்களில் முற்றிலும் நியாயமானது. ‘வாழாவெட்டி’ என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே பல ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களை நான் அறிவேன். இவற்றுள் எதிலும் இன்பம் இல்லை. “அவளுக்கு அதுதான் பிடிக்கும் போல” என்று திண்ணையில் பேசுவதைத்தான் கட்டுரையாளர் கிரேக்கத் தோரணையில் அச்சேற்றுகிறார்.

இன்னொரு பிழையான வழக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கையைக் கீறிக்கொள்ளும் இளைஞர்களைச் சிலர் இச்சொல்லால் குறிக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இன்பத்துக்காக அதைச் செய்வதில்லை. தாங்க முடியாத மனவேதனையைச் சிறிது நேரம் தணிப்பதற்கோ, மரத்துப்போன நிலையிலிருந்து மீள்வதற்கோ செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உதவி. தவறான பெயர் சூட்டப்பட்டால், கேட்க வந்த உதவியையும் வெட்கத்தால் கேட்காமல் போய்விடுவார்கள்.

வரலாற்றுமாணவன்

மனநலப்பணி அவர்களுக்கு நன்றி. ஒரு சிறு திருத்தம் மட்டும்: தோரணை கிரேக்கத்தது அன்று, கலீசியாவினது.

மனநலப்பணி

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. மருத்துவம் இச்சொல்லை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதையும் கூறி முடிக்கிறேன். 2013 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கையேடு, இத்தகைய விருப்பம் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்பதில்லை. அவ்விருப்பத்தால் அவருக்குக் கடுந்துயரோ வாழ்க்கைப் பாதிப்போ ஏற்பட்டால்தான் கோளாறு என்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு 2019 இல் ஏற்கப்பட்டு 2022 இல் நடைமுறைக்கு வந்தது. அதில் மசோகிசத்துக்குத் தனிப் பெயரே இல்லை. சாடிசம், மசோகிசம் ஆகிய இரண்டில், இசைவில்லாத ஒருவரை வதைத்துப் பாலின்பம் காண்பது மட்டும் தனிப் பெயர் கொண்ட கோளாறாக நீடிக்கிறது. ஆக, மருத்துவர்கள் கோட்டை இசைவில் வரைந்திருக்கிறார்கள், வலியில் வரையவில்லை. மாசோக்கின் ஒப்பந்தத்தைப் பற்றி வரலாற்றுமாணவன் ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுவே நினைவுக்கு வந்தது.

குண்டூர்வரை

காரம் தின்பவர்கள் சார்பில் நான் வருகிறேன். எங்களை மசோகிஸ்ட் என்று அழைக்க அறிவியலிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஓர் அடைமொழி உண்டு.

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1970களின் பிற்பகுதியில் மெக்சிக்கோவின் மலைக்கிராமம் ஒன்றில் மிளகாய் உண்ணும் வழக்கத்தை ஆராய்ந்தார். பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் காரம் பிடிப்பதில்லை. அங்கே யாரும் குழந்தையைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. பெரியவர்கள் உண்பதைப் பார்த்துப் பார்த்து, ஐந்து முதல் எட்டு வயதுக்குள் குழந்தைகள் தாமாகவே மிளகாயைத் தொட்டுக்கொள்ளத் தொடங்குகிறார்கள். ஆனால் நாள்தோறும் காரம் கலந்த மிச்ச உணவை உண்டு வளர்ந்த நாய்களும் பன்றிகளும், இரண்டையும் வைத்தால் காரமில்லாததையே தேர்ந்தன. காரத்தை விரும்பக் கற்பது மனிதனுக்கே உரிய விந்தை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

நடப்பது என்னவென்றால், மிளகாயில் உள்ள கேப்சைசின், நாவிலும் வாயிலும் உள்ள ஒரு நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது. அந்த ஏற்பி ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணர்வதற்காக அமைந்தது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே உடல் “வாய் வேகிறது” என்று அலறுகிறது. கண்ணும் மூக்கும் ஒழுகுகின்றன. ஆனால் எதுவும் வேகவில்லை என்பது மனத்துக்குத் தெரியும். உடல் ஏமாந்துபோனதையும் தான் ஏமாறாததையும் ஒருசேர அறிவதில் வரும் களிப்பையே ரோசின் ‘தீங்கற்ற மசோகிசம்’ என்று அழைத்தார். அழவைக்கும் படம், பேய்ப்படம், ராட்டினத்தில் தலைகீழாகச் சுற்றுவது, கசப்பான காப்பி ஆகிய எல்லாவற்றையும் இதே வகையில் சேர்த்து 2013 இல் அவரும் உடனிருந்தோரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பலருக்கும் பிடித்தமான அளவு, இனித் தாங்காது என்னும் எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பது என்ற கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வீட்டில் ஆவக்காய் ஊறுகாயை அந்த எல்லையை ஒட்டித்தான் போடுகிறோம்.

ஆகவே கட்டுரையின் இரண்டாம், மூன்றாம் எடுத்துக்காட்டுகளை அடைமொழியோடு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இடர் இல்லை என்ற உறுதி இருக்கும்வரைதான் அது தீங்கற்றது. ராட்டினத்தின் திருகாணி கழன்றுவிட்டது என்று தெரிந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

புறவழிச்சாலை

அப்படியானால் என் ஓட்டக்கார நண்பனின் நிலை என்ன? அவனுக்கு வரும் வலி போலியானது அன்று. நகம் மெய்யாகவே பெயர்கிறது.

குண்டூர்வரை

அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வலியே இல்லாமல் அதே தொலைவை அதே நேரத்தில் கடக்க முடிந்தால் அவர் மகிழ்வாரா? மகிழ்வார் என்றால் வலி அவர் கட்டும் விலை மட்டுமே. விலை கொடுப்பதில் இன்பம் காண்பவர் என்று யாரையும் அழைப்பதில்லை.

புறவழிச்சாலை

கேட்டேன். வலி இல்லாவிட்டால் ஓடியது போலவே இராது என்கிறான். ஆகவே தங்கள் அளவுகோல் அவ்வளவு எளிதாகப் பிரித்துக் கொடுக்கவில்லை. விலை உயர்ந்தது என்பதாலேயே பொருள் இனிக்கும் இடங்கள் இருக்கின்றன. முடித்த பின் கழுத்தில் விழும் பதக்கத்தின் எடையில் பாதி, பட்ட பாட்டின் எடை என்று நான் நினைக்கிறேன்.

பழம்பதிப்பு

இந்த இடத்தில் வள்ளுவரைக் கேட்கலாம். இடுக்கண் அழியாமை அதிகாரத்தின் இறுதிக் குறள்:

“இன்னாமை இன்பம் எனக்கொளின் ஆகுந்தன்
ஒன்னார் விழையுஞ் சிறப்பு.”

துன்பத்தையே இன்பம் என்று கொள்பவனுக்கு அவன் பகைவரும் விரும்பத்தக்க சிறப்பு உண்டாகும் என்கிறார். மேலோட்டமாகப் படிப்பவர் இதையே நம் இழையின் சொல்லுக்கு இலக்கணம் என்று எண்ணிவிடக்கூடும். அவ்வாறு எண்ணுவது பிழை. ஒருவன் வினை செய்யும்போது அதன் முயற்சியினால் வரும் துன்பம் என்றே பரிமேலழகர் இங்கே பொருள் கொள்கிறார். அத்துன்பத்தை அவன் இன்பமாகக் ‘கற்பித்துக்’ கொள்கிறான். துன்பம் தேடிப் போகப்பட்டதன்று. வினையின் வழியில் எதிர்ப்பட்டது. அதைப் பெயர்மாற்றி ஏற்கும் மனத்திண்மையே சிறப்பு. ‘கொளின்’ என்ற சொல்லில் உள்ள நிபந்தனையைக் கவனியுங்கள். புறவழிச்சாலையின் ஓட்டக்கார நண்பர் இக்குறளுக்கு உரியவர்; கலீசியாவுக்கு உரியவர் அல்லர்.

அழவைக்கும் கலையைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் இரண்டாவதாக அழுகையை வைத்து, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினால் பிறக்கும் என்கிறார். நகையும் உவகையும் நிற்கும் அதே வரிசையில் அழுகையும் நிற்கிறது. சுவைப்பவன் அழுகையைச் சுவைப்பதை விளக்கத் தமிழ்மரபுக்கு நோய்ப்பெயர் எதுவும் தேவைப்படவில்லை. கோவலன் கொலையுண்ட காதையைப் படித்துக் கலங்குபவன் அவன் கொலையுண்டதில் மகிழவில்லை. அந்தக் கலக்கத்தைத் தந்த சொல்லில் திளைக்கிறான். ஆகவே குண்டூர்வரை அவர்கள் அடைமொழியோடு வைத்துக்கொள்ளலாம் என்று கூறியதில் மூன்றாம் எடுத்துக்காட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காரத்துக்கும் காவியத்துக்கும் ஒரே விளக்கம் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காமத்துப்பாலின் கடைசி அதிகாரத்துக்கு ‘ஊடலுவகை’ என்றே பெயர். வருந்தி, வருத்தி, பின் கூடுவதில் உள்ள உவகை அது. அங்கேயும் இருவரும் அறிந்தே ஆடும் ஆட்டம் இருக்கிறது, எல்லை இருக்கிறது. ஊடல் உணவில் உப்பின் அளவாக இருக்க வேண்டும், சற்று மிகுந்தாலும் கெடும் என்று வள்ளுவரே வேறோர் இடத்தில் எச்சரிக்கிறார்.

ஏட்டுச்சுவடி

பயனுள்ள பதிவுகள். கட்டுரையாளர் அடுத்த பத்தியில் தைப்பூசத்தில் அலகு குத்துவோரையும் இப்பட்டியலில் சேர்க்க எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறார். அதைப் பற்றியும் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

கீழைக்கடல்

மொரீசியசில் சில காலம் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்குள்ள தமிழர்கள் எடுக்கும் தைப்பூசக் காவடியை டிமிட்ரிஸ் சிகலாடாஸ் என்னும் மானிடவியலாளர் தம் குழுவோடு ஆராய்ந்திருக்கிறார். 2013 இல் வெளிவந்த ஆய்வில், காவடியோடு தொடர்புடையவர்கள் வெறும் கூட்டு வழிபாட்டில் கலந்துகொண்டவர்களைவிடக் கோயிலுக்கு அதிகம் கொடை அளித்தார்கள் என்றும், உணர்ந்த வலி கூடக் கூடக் கொடையும் கூடியது என்றும் கண்டார்கள். அலகு குத்தியவர் மட்டுமல்லாமல் உடன் நடந்து பார்த்தவர்களும் அவ்வாறே கொடுத்தார்கள். வலி இங்கே ஊரை இணைக்கும் வேலையைச் செய்கிறது.

அலகு குத்திய எவரிடமும் கேட்டுப் பாருங்கள். “வலித்தது, இன்பமாக இருந்தது” என்று சொல்பவரை நான் கண்டதில்லை. “முருகன் அருளால் வலியே தெரியவில்லை” என்றுதான் பலரும் சொல்வார்கள். விரதத்தைச் சரியாகக் காத்தவருக்கு வலிக்காது, குருதி வராது என்பது நம்பிக்கை. வலித்தால் விரதத்தில் குறை என்று வருந்துவார்கள். வலியின்மையை அருளின் அடையாளமாகக் கொள்ளும் ஒருவரை வலியில் இன்பம் காண்பவர் என்று எழுதுவது அவர் சொன்னதற்கு நேர்மாறாக எழுதுவதாகும். பிள்ளையின் காய்ச்சல் தீர்ந்ததற்காக நேர்ந்துகொண்டதை ஒரு தாய் நிறைவேற்றுகிறாள். அது கடன் தீர்ப்பது.

இளஞ்சொல்லாளர்

தாமதமாக வருகிறேன். எல்லாரும் எல்லையைப் பற்றிப் பேசுகிறீர்கள். தமிழில் என்ன எழுதுவது என்பதை யாரும் தொடவில்லை. ‘வதையின்பம்’, ‘தன்வதை இன்பம்’ ஆகியவற்றுள் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். சாடிசத்துக்குப் ‘பிறர்வதை இன்பம்’ என்று இணையாகவும் அமைந்துவிடும்.

வரலாற்றுமாணவன்

இணையாக அமைவதே அதன் குறை. பிரெஞ்சு மெய்யியலாளர் ழீல் தெலூஸ் 1967 இல் மாசோக்கைப் பற்றி எழுதிய நூலில் இந்த இணையைத்தான் உடைக்க முயன்றார். சாதின் உலகில் கொடியவனுக்கு வேண்டியது இசையாத இரை. வதையை விரும்பும் ஒருவன் கிடைத்தால் அவனுக்கு அதில் சுவையே இராது. மாசோக்கின் உலகில் அடிமையே தன் எசமானியைத் தேடி, இணங்க வைத்து, பயிற்றுவித்து, கையெழுத்து வாங்குகிறான். முன்னதன் கருவி நிறுவனம், பின்னதன் கருவி ஒப்பந்தம் என்று தெலூஸ் வேறுபடுத்துகிறார். இரண்டையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக்கியது கிராஃப்ட்-எபிங்கின் வகைப்பாடும் ஃபிராய்டின் கோட்பாடுமே அன்றி, அவ்விரு எழுத்தாளர்களின் எழுத்தன்று.

அதோடு, ‘தன்வதை’ என்றால் தன்னைத் தானே வதைத்துக்கொள்வது என்றே தமிழர் பொருள் கொள்வார்கள். மனநலப்பணி அவர்கள் எச்சரித்த கையைக் கீறிக்கொள்ளும் இளைஞரைத்தான் அச்சொல் முதலில் சுட்டும். எந்தக் குழப்பத்தைத் தவிர்க்க இவ்வளவு பேசினோமோ அதையே சொல்லாக்கத்தில் பதித்துவிடுவோம்.

இளஞ்சொல்லாளர்

அப்படியானால் ‘அடிபணி இன்பம்’?

மனநலப்பணி

மருத்துவக் கட்டுரையில் இசைவு, பாலுணர்வு, அடிபணிதல் ஆகிய மூன்றையும் ஒரு வரியில் விளக்கிவிட்டு, ‘மசோகிசம்’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தனிமனிதர் பெயரில் பிறந்த சொல்லை மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பார்கின்சன் நோயை நாம் மொழிபெயர்ப்பதில்லை. வேறு இடங்களில் சொல்லவந்ததை நேராகவே சொல்லலாம். ஓட்டக்காரர் பாடுபடுகிறார், பக்தர் நேர்ச்சையைச் செலுத்துகிறார், அடிபடும் பெண் சிக்கியிருக்கிறார்.

புறவழிச்சாலை

மருத்துவக் கட்டுரைக்கு இதை ஏற்கிறேன். என் நண்பனை நான் அழைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அவன் அதற்கு இசைவு தந்திருக்கிறான்.

ஏட்டுச்சுவடி

மனநலப்பணி அவர்கள் கூறிய நோய்க் கையேட்டு வரலாற்றைச் சுருக்கிக் கட்டுரையாளருக்கு அனுப்பிவிட்டேன். நான்காவது எடுத்துக்காட்டையும் அலகு குத்துவோர் பற்றிய பத்தியையும் நீக்க இசைந்துவிட்டார். காரம் உண்பவரை ‘தீங்கற்ற’ என்னும் அடைமொழியோடு வைத்திருக்கிறார். அழவைக்கும் படங்களைப் பற்றிய வரியை நீக்க மறுக்கிறார். பழம்பதிப்பு ஐயா இசைந்தால் அவர் எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்ப விரும்புகிறேன்.

பழம்பதிப்பு

அனுப்புங்கள். மெய்ப்பாட்டியலின் அழுகை நூற்பாவுக்குப் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் எழுதிய உரையையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் படித்த பின்னும் மறுத்தால் அவரை இந்த இழைக்கே அழைத்து வாருங்கள்.